நினைவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

நான் பட்டாளத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன். ஓர் அதிகாரிக்கு வரவேண்டிய மேஜர் பதவி வராமல் போனதற்கு நானே காரணம். அவர் கையோடு கொண்டுவந்து கொடுத்த பயிற்சிச் சான்றைப் பதிவில் ஏற்றாமல் விட்டேன். சான்று இல்லை என்று பதவி உயர்வு மறுக்கப்பட்டு அவர் மேல்முறையீடு செய்தபோது, அப்படியொரு தாளை வாங்கியதாக நினைவில்லை என்று கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னேன். அவர் கேப்டனாகவே வெளியே வந்தார். அதே காலத்தில் நான் நாயிப் சுபேதாரிலிருந்து சுபேதார் ஆனேன். இன்று மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் ஏறும் ஓய்வூதியம் அந்தச் சுபேதார் பதவிக்கு உரியது.

அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். படைப்பிரிவின் பெயரையும் விடுகிறேன். தப்பு என்னுடையது, அதை ஒரு பட்டாலியன் தலையில் வைப்பதில் அர்த்தமில்லை.

அவர் முழுநேர ராணுவ அதிகாரி இல்லை. டெரிட்டோரியல் ஆர்மி, நாங்கள் டி.ஏ. என்போம், அதில் அதிகாரி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்த படை அது. சொந்தமாக வேலையோ தொழிலோ வருமானமோ உள்ளவர்தான் அதில் சேர முடியும். ஆண்டுக்கு இரண்டு மாதம் போலப் பயிற்சி, மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு. நாட்டுக்கு அவசரம் என்றால் அழைப்பு வரும், போய் நிற்க வேண்டும். 1962, 1965, 1971 போர்களிலும் இந்தப் படையினர் நின்றிருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-இல் கொடுத்ததும் இதே படையின் பதவிதான். அது கௌரவமாகக் கொடுத்தது. நம்மவர் எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவச் சோதனை எல்லாம் தாண்டி வந்தவர். கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால்தான் வெள்ளிமலை. அந்த மலையிலிருந்து பெட்டியோடு இறங்கி, சின்னசேலத்தில் ரயில் பிடித்து, ஆண்டுதோறும் முகாமுக்கு வருவார். நானும் கச்சிராயபாளையம் பக்கத்துக்காரன். வழக்கமான ராணுவத்திலிருந்து அந்த டி.ஏ. பிரிவுக்கு எழுத்தராக மாற்றி அனுப்பப்பட்டிருந்தேன். ஊர்ப்பக்கத்து ஆள் அலுவலகத்தில் இருக்கிறார் என்று அவருக்கு என்மேல் தனி நம்பிக்கை.

2006 மே 8 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். ஆசிரியர் என்பதால் அவருக்குத் தேர்தல் பணி போட்டுவிட்டார்கள். எங்கள் பிரிவின் முகாமும் அதே சமயத்தில் வந்தது. அவர் முறையாக எழுதிக் கேட்டார். கமாண்டிங் ஆபீசரும் ஒப்புக்கொண்டு, பின்னால் வேறொரு பிரிவோடு சேர்ந்து அந்த ஆண்டுப் பயிற்சியை முடித்துக்கொள்ளச் சொன்னார். ஆகஸ்டில் போய் முடித்தார். முடித்ததற்கான சான்றை அந்தப் பிரிவு தபாலில் அனுப்பியிருக்க வேண்டும். தபாலில் போட்டால் எப்போது வருமோ என்று இவரே கையில் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரே பக்கம், தட்டச்சு. கீழே அந்தப் பிரிவின் அட்ஜுட்டன்ட் கையெழுத்து, அதன்மேல் பாதி ஏறினாற்போல ஊதா மையில் வட்ட முத்திரை. மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்து, மடிப்பை மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

“சாப், இது ஒண்ணுதான் பாக்கி. சேத்துடுங்க.”

“சரிங்க சார், நான் பாத்துக்கறேன்.”

கையில் வந்த தாளானாலும் வரவுப் பதிவேட்டில் எண் போட வேண்டும். நான் போடவில்லை. இணைப்புக் கடிதம் இல்லாமல் வந்திருக்கிறதே, அது வந்ததும் சேர்த்துப் போடலாம் என்று ‘பென்டிங்’ கோப்பில் செருகினேன். அந்த ஒரு எண் இருந்திருந்தால் பின்னால் நான் சொன்ன பொய்க்கு இடமே இருந்திருக்காது.

பட்டாளத்தில் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது ‘பார்ட் டூ ஆர்டர்’. விடுப்பு, பயிற்சி, கல்யாணம், குழந்தை பிறப்பு, தண்டனை எல்லாம் அதில் வெளியாக வேண்டும். அதில் வராதது நடக்காதது. டி.ஏ. அதிகாரிக்கு இது இன்னும் முக்கியம். லெப்டினன்ட் கர்னல் வரை பதவி உயர்வு பணிக்காலக் கணக்கில் வரும் என்றாலும், ஆண்டுப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் மற்ற நிபந்தனைகளும் ஏட்டில் சரியாக இருந்தால்தான் வரும். முழுநேர அதிகாரியை நாள்தோறும் யாராவது பார்க்கிறார்கள். டி.ஏ. அதிகாரி ஊருக்குப் போய்விட்டால் படையில் அவருக்கு மிச்சம் இருப்பது காகிதம் மட்டும். அதைக் காக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

சில மாதங்களில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. பொறுப்பை ஒப்படைக்கும் முன் பென்டிங் கோப்பைப் பிரித்தேன். அந்தச் சான்று அப்படியே இருந்தது. அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. தாமதமாக வெளியிடுகிறோம் என்று காரணம் எழுதி கமாண்டிங் ஆபீசரின் கையெழுத்துக்கு வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் என் கவனக்குறைவு. அது என் ரகசிய அறிக்கையில் ஏறும் என்று பயந்தேன். அழிக்க வேண்டிய பழைய தாள்களின் கட்டில் அதையும் வைத்துக் கட்டினேன். ‘நிலுவை ஏதுமில்லை’ என்று ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டு எரிக்கப்படும் என்று எனக்குத் தெரியும். வெகுகாலம் இதைச் சோம்பல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சோம்பேறி தாளைக் கோப்பிலேயே விட்டுப் போயிருப்பான்.

அவருடைய பதவி உயர்வு பரிசீலனைக்கு வந்தபோது, 2006-ஆம் ஆண்டுப் பயிற்சிக்குப் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் எழுதினார். பதில் வந்தது: பதிவு இல்லை. அடுத்து, ராணுவச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கும் ‘ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெயின்ட்’ உரிமையைப் பயன்படுத்தி மத்திய அரசுக்கு விண்ணப்பித்தார். சான்றை இன்ன மாதத்தில் தலைமை எழுத்தரிடம் நேரில் கொடுத்தேன் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதனால் என் கருத்தைக் கேட்டு, நான் அப்போது இருந்த பிரிவுக்குக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த வாரத்தில் சுபேதார் பதவிக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயரும் அதில் இருந்தது.

நான் எழுதிய பதில் இரண்டு வாக்கியம். மேற்படி சான்று என்னிடம் தரப்பட்டதாக நினைவில்லை. ஒப்படைப்பின்போது நிலுவை எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் யோசித்து, ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லாமல் ‘நினைவில்லை’ என்று போட்டேன். நாளைக்கு எங்காவது நகல் அகப்பட்டாலும் நான் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. எழுத்தர் வேலையில் நான் கற்ற சாமர்த்தியம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. என் பதிலை வைத்துப் புகாரை நிராகரித்தார்கள். எனக்குச் சுபேதார் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம்.

வேறு வழி இல்லையா? இருந்தது. அழிந்த பதிவைப் பிற தாள்களிலிருந்து மறுபடி எழுப்பலாம் என்பது எழுத்தருக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டி இருந்த படைவீரர் ஆவணக் காப்பகம் 1973 ஜூலை 12 அன்று தீப்பற்றி, 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் அழிந்தன. லண்டனில் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் முதல் உலகப் போர் சிப்பாய்களின் ஏடுகளில் பெரும்பகுதி எரிந்தது. அமெரிக்காவில் சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு என்று பிற இடங்களிலிருந்து தேடி எடுத்து, ஒரு சிப்பாயின் பணிக்காலத்தை இன்றளவும் மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். நம்மவர் விஷயத்தில் எரிந்தது ஒரே ஒரு தாள். அவர் போன பிரிவில் ரேஷன் கணக்கில் அவர் பெயர் இருந்திருக்கும். துப்பாக்கி சுடும் பயிற்சிப் பதிவேட்டில் அவர் எண்ணிக்கை இருந்திருக்கும். ரயில் வாரண்ட், பயணப்படிப் பட்டியல், அந்த மாதச் சம்பளக் கணக்கு இருந்திருக்கும். ‘அங்கே கேட்டுப் பாருங்கள்’ என்று மூன்றாவதாக ஒரு வாக்கியம் நான் எழுதியிருந்தால் போதும். அந்தப் பதிவேடுகளும் காலக்கெடு முடிந்தால் அழிக்கப்படுபவை. நான் மௌனமாக இருந்த ஒவ்வொரு ஆண்டும் அவையும் குறைந்துகொண்டே வந்திருக்கும்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். நம் பகுதியில் இந்த வேலைக்குக் குறைவே இல்லை. தென்னாற்காடு மாவட்டமாக இருந்தபோது கடலூரில் இருந்த தாள், 1993-க்குப் பிறகு விழுப்புரத்தில், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபின் இங்கே. ஒரு கிழவி கணவனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தொலைத்திருந்தால் மூன்று ஊருக்கு அலைய வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் இடையில் வந்துவிட்டவர்களின் பணி ஆவணங்களோ 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும். நீளப் பட்டியலில் ஓரிரு வரி மட்டும் மிஞ்சும்.

மலையிலிருந்து என்னிடம் ஆட்களை அனுப்பி வைத்தவர் அந்தக் கேப்டன்தான். “சாப் நல்லா எழுதுவாரு, போங்க” என்று சொல்லி அனுப்புவார். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை அது. மற்ற ஊர்களில் தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கும். அங்கே அது கிடையாது. சாதிச் சான்று இல்லாமல் பிள்ளைகளின் மேற்படிப்பு நிற்கும். பட்டா இருக்காது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பள்ளிக்கு வெளியே அவர் பார்த்த வேலை இந்தத் தாள்களைச் சேர்ப்பது. வன உரிமைச் சட்ட மனுக்களுக்கு அவர் கிழவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதுவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எந்தப் பாறைக்குக் கீழே சாமை விதைத்தோம், எந்த வருஷம் கடுக்காய் நன்றாகக் காய்த்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்குவார். அந்தச் சட்டத்தின் விதிகள், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் அதையும் சான்றாக ஏற்கின்றன. பார்த்தவர் சொல்வதும் சான்று என்று சட்டமே இருக்கும் இடத்தில், பார்த்தவனாகிய நான் அவர் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாளும் அவர் என்னிடம் அந்தச் சான்றைப் பற்றிக் கேட்கவில்லை. பெருந்தன்மையால் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். காரணம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் என்னை அசைத்தது ஒரு மனு. நோயால் படையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவரின் மனைவிக்காக எழுதிக்கொண்டிருந்தேன். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதை மேற்கோளாகக் காட்ட வேண்டியிருந்தது. படையில் சேரும்போது ஒரு நோய் பதிவில் இல்லையென்றால் அந்த ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதை ஒட்டி, ‘ஆவணத்தைக் காப்பது அலுவலகத்தின் கடமை, அது இல்லாமற்போனதன் சுமையைப் படைவீரர்மேல் ஏற்றுவது நியாயமன்று’ என்று என் நடையில் எழுதினேன். எழுதியதும் மேற்கொண்டு எழுத முடியவில்லை. அந்த அம்மாளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை மனுவை முடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கேப்டன் வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் வாங்கியது, எண் போடாதது, கட்டில் சேர்த்துக் கட்டியது, சுபேதார் பட்டியல், ‘நினைவில்லை’. ஆகஸ்ட் 2006, ஊதா முத்திரை, பிளாஸ்டிக் உறை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்:

“மடிப்பைத் தேச்சுக் குடுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு உங்களுக்கு. அந்த லெட்டர் வந்தப்ப மட்டும் மறந்துபோச்சா சாப்?”

“மறக்கலீங்க சார்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க வாங்கலேன்னு எழுதினதும் இவரு தானே தொலைச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டாருங்கண்ணா. பஸ்ல உட்டுட்டேனோ, ரயில்ல உட்டுட்டேனோன்னு எத்தனை ராத்திரி பொலம்பியிருக்காரு தெரியுமா? பரண்ல இருக்கற பொட்டியெல்லாம் எறக்கி எறக்கிப் பாத்தோம். உங்களைச் சந்தேகப்பட்டாத் தப்புன்னு சொல்லுவாரு.” இவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை.

பதவியைக் கெடுத்தேன் என்பதுதான் என் குற்றம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். என் ஒரு சொல், ஒரு மனிதரைத் தன் நினைவையே நம்பாதவராக ஆக்கியிருக்கிறது. தன் கையாலேயே தொலைத்தோம் என்று நம்பித்தான் அவர் நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

போயிருந்தால் வழி இருந்தது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009-லிருந்து இயங்குகிறது, சென்னையிலேயே அதன் அமர்வு உண்டு. டி.ஏ. அதிகாரி படைப்பணியில் இருக்கும்போது ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். அதனால் அங்கே போகலாம். ஆனால் புகார் மீது இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. என் பொய் தக்க காரணம்தான். இருந்தாலும் அவருக்கு நான் வெறும் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டிருக்கிறது: ஓய்வூதியம், சம்பளம் போன்றவற்றில் தவறு மாதாமாதம் தொடர்வதால் தாமதமாக வந்தாலும் பார்க்கலாம், பதவி உயர்வு, பணிமூப்பு என்றால் மற்றவர்களின் உரிமையும் அதில் சேர்ந்துவிடுவதால் பழைய கோரிக்கையை எழுப்ப முடியாமல் போகும். என் மௌனம் எடுத்துக்கொண்ட ஆண்டுகள் அவருக்கு எதிராகவே நிற்கும் என்பது இதன் பொருள். அவர் இப்போது ஓய்வுபெற்றவர், யாருடைய இடத்தையும் பறிக்கப்போவதில்லை, பெயருக்கு முன்னால் உள்ள பதவியைத் திருத்தச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று வாதாடலாம் என்கிறார் நான் கேட்ட வழக்கறிஞர். வாதாடலாம், அவ்வளவுதான்.

நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டேன். சான்று என் கைக்கு வந்தது, அதை அழிவுக்கட்டில் வைத்தவன் நான், பின்னால் நான் எழுத்தில் சொன்னது பொய் என்று அதில் இருக்கிறது. மூலப்படி அவரிடம். ஒரு நகலைப் பழைய பிரிவின் இன்றைய கமாண்டிங் ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என் ஓய்வூதியத்துக்கு இதனால் என்ன வரும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வருவது வரட்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டிய மரியாதையை விற்று வந்தது. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. என்னிடம் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மலையிலிருந்து இப்போது என்னிடம் மனு எழுத யாரும் வருவதில்லை.

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலும், பட்டாலியனிலும், தாலுகா ஆபீசிலும், பள்ளி அலுவலகத்திலும் இன்று நாற்காலியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். யாராவது கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அவர் கண்முன்னாலேயே எண் போட்டு, அந்த எண்ணை அவருக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்கிறவர்களும் எண் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள், எழுத்தர் உங்கள் ஊர்க்காரராக இருந்தாலும். என்னைப்போல் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவர்களில், யாரோ ஒருவருக்கு எதிராக ‘பதிவு இல்லை’ என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள்.